மடியில் வைத்துச் சறுக்காதீர்கள்: புதுச்சேரி ப்ளே ஏரியாவில் எங்களுக்கு நடந்தது

இதை எழுதும் நேரத்தில் பாப்பா என் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருக்கிறாள். மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் விந்தி விந்தி நடந்தாள், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. மனசு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இருபது மாதக் குழந்தையின் கால் எலும்பு என் மடியிலேயே விரிசல் விட்டது. நான் அடிக்கவில்லை, கீழே போடவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக்கி அணைத்துக்கொண்டு ஒரு சறுக்கில் இறங்கினேன். இப்படி நடக்கும் என்று அதுவரை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. நடந்த பிறகு கேட்டால், எலும்பு டாக்டர்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயமாக இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற நமக்குத்தான் தெரியவில்லை.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை. வீட்டில் நான், மாமியார், யூகேஜி முடித்த பெரியவன், பாப்பா. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பெரியவன் கூடப் படிக்கிற பையனின் பிறந்தநாளைப் புதுச்சேரியில் ஒரு இன்டோர் ப்ளே ஏரியாவில் கொண்டாடினார்கள். அதற்கு நான் அனுப்பவில்லை. அன்றிலிருந்து "எப்பம்மா போவோம், எப்பம்மா போவோம்" என்று ஒரே கேள்வி. மே மாதம், கத்திரி வெயில். தேவனாம்பட்டினம் பீச்சில்கூட ஐந்தரை மணிக்கு முன்னால் மணலில் கால் வைக்க முடியாது. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து ஒருத்தரை ஒருத்தர் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள். ஏசி இருக்கிற இடம், அடிபடாத மெத்தை, ரெண்டு மணி நேரம் ஆடட்டும் என்று நினைத்தேன். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. சரி, நாமே சமாளிப்போம் என்று தனியாகக் கிளம்பினேன். முதல் தவறு அது. இரண்டு பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது வீட்டில் சரிப்படும், கடைத்தெருவில்கூடச் சரிப்படும், இந்த மாதிரி இடத்தில் சரிப்படாது. ஐந்து வயதுப் பையன் மூன்றடுக்கு வலைக்குள் மேலே ஏறுவான், தளர்நடைக் குழந்தை கீழே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் கண்ணில் வைத்திருக்க எந்த அம்மாவாலும் முடியாது. தங்கையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, யாராவது ஒருத்தரை அழைத்துப் போங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துப் போங்கள்.

இரண்டாவது தவறு ஞாயிற்றுக்கிழமை போனது. சனிக்கிழமை வரைக்கும் டெலிவரி இருந்ததால் எனக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. முள்ளோடை தாண்டும் வரை பஸ் நன்றாகத்தான் போனது. அரியாங்குப்பத்தில் ஊர ஆரம்பித்து, மரப்பாலத்தில் நின்றே விட்டது. வெளியூர்க் கார்கள் எல்லாம் அன்றைக்குத்தான் புதுச்சேரிக்குள் வரும். இந்திரா காந்தி சிலையில் இறங்கி ஆட்டோ பிடித்து உள்ளே நுழையும்போது மணி பதினொன்றே முக்கால். அது பாப்பா சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். தூக்கம் வந்த குழந்தையை விளையாட்டு இடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனேன் என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை காலை மடக்காது, பிடியைப் பிடிக்காது, துணி மாதிரித் துவண்டு கிடக்கும். முடிந்தால் வாரநாளில், கடை திறந்ததும் போங்கள். கூட்டம் இருக்காது, காசும் குறைவு, பிள்ளையும் தெளிவாக இருக்கும்.

கவுண்டரில் பெரியவனுக்கு 450, பாப்பாவுக்கு 350, கூடப் போகிற எனக்கு 100. ஒரு மணி நேரத்துக்குத்தான் இந்தப் பணம். ஞாயிற்றுக்கிழமை ரேட் தனி என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. சாக்ஸ் கட்டாயம் என்றார்கள், அங்கேதான் வாங்க வேண்டும், ஜோடி 60, மூன்று பேருக்கு 180. ஆக 1,080 ரூபாய் அங்கேயே போனது. கையில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, பாப்பா இடுப்பில் நெளிகிறாள். படிக்காமல் போட்டுவிட்டேன். அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு அதைப் படியுங்கள். எத்தனை வயதுப் பிள்ளை எந்தப் பகுதிக்குள் போகலாம், பெரியவர்கள் எதில் ஏறக் கூடாது என்றும் அதில்தான் இருக்கும். அங்கே நான் சரியாகச் செய்த ஒரே காரியம், பாப்பாவின் கொலுசைக் கழற்றி பர்ஸில் போட்டதும் என் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்ததும்தான். வலைக்கண்ணில் கொலுசு மாட்டினால் என்ன ஆகும் என்று தையல்காரிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அரைஞாண் கயிறு, கழுத்துச் செயின், கயிறு வைத்த தொப்பிச் சட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

அந்த சாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி என்றால் கை தானாகத் திருப்பிப் பார்க்கும், பழக்கம். உள்ளங்கால் பக்கம் முழுக்க ஜவ்வரிசி ஒட்டிய மாதிரி ரப்பர் புள்ளிகள். விரலால் தேய்த்தால் அப்படியே பிடித்துக்கொள்கிறது. நல்லது, பிள்ளை வழுக்கி விழாது என்று திருப்தியாக மாட்டிவிட்டேன். தரையில் நடப்பதற்கு அது நல்லதுதான். சறுக்கில் இறங்கும்போது அதே புள்ளிதான் எமனாக வந்தது.

உள்ளே ஒரு பிறந்தநாள் விழா. மைக்கில் பாட்டு, முப்பது நாற்பது பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளுக்கு என்று குட்டி வேலி போட்டு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் எட்டு, பத்து வயதுப் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். முழு இடத்துக்கும் டீ-ஷர்ட் போட்ட இரண்டு பெண்கள், அவர்களும் கல்லூரி வயதுதான், பாவம், விழாவுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்கள். மெத்தையின் ரெக்சின் ஒரு மூலையில் தையல் விட்டு ஸ்பாஞ்ச் வெளியே தெரிந்தது. இதெல்லாம் கண்ணில் பட்டது. பட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 1,080 ரூபாய் கட்டியாகிவிட்டதே என்று ஒரு எண்ணம். உங்களுக்கும் உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பெரிய பையன்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியே அனுப்பச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். காசு கொடுத்திருக்கிறோம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். பந்துத் தொட்டியில் பாப்பா பத்து நிமிடம் நன்றாக ஆடினாள், ஒவ்வொரு பந்தாக எடுத்து என்னிடம் கொடுத்தாள். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

அப்போதுதான் மேலேயிருந்து "அம்மா" என்று பெரியவன் குரல். நிமிர்ந்து பார்த்தால் பெரிய சறுக்கின் உச்சியில் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏறிவிட்டான், இறங்கப் பயம். பின்னால் பையன்கள் "போடா, போடா" என்று தள்ளுகிறார்கள். முகம் அழுகைக்கு வந்துவிட்டது. அந்த டீ-ஷர்ட் பெண்களைத் தேடினேன், கண்ணில் படவில்லை. பாப்பாவைக் கீழே யாரிடம் விடுவது? இடுப்பில் வைத்துக்கொண்டே மெத்தைப் படிகளில் குனிந்து குனிந்து மேலே ஏறினேன். பெரியவனை முதலில் உட்கார வைத்து முதுகைத் தட்டி அனுப்பினேன், சிரித்துக்கொண்டே போய்விட்டான். திரும்பி அதே படியில் இறங்கியிருக்கலாம். அடுத்த பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள், வழி அடைத்திருந்தது. பாப்பாவை மடியில் உட்கார வைத்து, வயிற்றைச் சுற்றி இரண்டு கையும் கோர்த்து, இறங்கினேன்.

மொத்தம் மூன்று நொடி இருக்குமா? பாதி தூரம் வந்தபோது பாப்பாவின் வலது கால் என் தொடைக்கு வெளியே விலகி, சறுக்கின் பக்கச் சுவரில் பட்டது. சாக்ஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கால் நின்றுவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. அவளுடைய பாதம் எங்களுக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். முட்டி என் பக்கம் திரும்பியிருந்தது, பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கீழே மெத்தையில் வந்து விழுந்ததும் ஒரு நொடி சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளேயே நிற்கிறது. அப்புறம் ஒரு அலறல். தடுப்பூசிக்கு அழுகிற அழுகை எனக்குத் தெரியும், பசிக்கு அழுகிறது தெரியும். அன்றைக்குக் கேட்டது நான் அதுவரை கேட்காத அழுகை. அதை நான் நம்பியிருக்க வேண்டும்.

நம்பவில்லை. காலைப் பார்த்தேன், வீக்கம் இல்லை, சிராய்ப்பு இல்லை, கோணல் இல்லை. அந்த டீ-ஷர்ட் பெண்களில் ஒருத்தி ஓடி வந்து ஐஸ் பை கொடுத்தாள், "பயந்திருக்கும் அக்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்கார்ன், ஜூஸ் என்று 260 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டினேன். அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். பெரியவனுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி இருந்தது. அவன் ஆடி முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரும் அப்படி உட்கார்ந்துவிடக் கூடாது. இந்த வயதில் எலும்பு விரிசல் விட்டால் வீங்க வேண்டும், நீலம் பாரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். நடந்துகொண்டிருந்த பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், அது ஒன்றே போதும், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டுப் போனாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அன்று ராத்திரி வீட்டில் பாப்பாவைத் தரையில் நிற்க வைத்தேன். வலது காலைக் கொக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துவிட்டு, "சுளுக்குதாம்மா, உருவிவிட்டா காலையில ஓடுவா" என்றார். நான்கு தெரு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார், எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்தான் சுளுக்கு எடுப்பார். நல்ல மனுஷி, காசுகூட வாங்க மாட்டார். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, முட்டியிலிருந்து கணுக்கால் வரை மூன்று முறை உருவினார். பாப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான்தான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். விரிசல் விட்ட எலும்பின் மேல் அது நடந்தது. எலும்பு விலகாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் அழுதார். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டர் பார்க்கும் வரை உருவுவது, தைலம் போட்டு அழுத்துவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகும் என்று விட்டுக்கொடுக்காதீர்கள்.

திங்கள்கிழமை காலையில் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்புதான் என்று வலிக்கு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் பாப்பா உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்தாள், நிற்கவே இல்லை. புதன்கிழமை மனசு கேட்காமல் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னால் பாப்பாவைப் பார்த்தார். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, இடது காலை அங்கங்கே அமுக்கினார், சும்மா இருந்தாள். வலது காலில் முட்டி, பாதம், சும்மா இருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் நடுவில் லேசாகத் திருகினார், பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டாள். "இங்கதாம்மா" என்றார். நடை பழகுகிற வயதில் இந்த எலும்பில் மயிரிழை மாதிரிச் சுற்றி விழுகிற விரிசலுக்கு டாட்லர்ஸ் ஃப்ராக்சர் என்றே பெயர் இருக்கிறதாம். எலும்பு விலகாததால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எடுத்தால், ஆறுகிற இடத்தில் புது எலும்பு வெள்ளையாகத் தெரியும் என்றார். அப்படியே தெரிந்தது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், இரண்டு நாளில் பிள்ளை காலை ஊன்றவில்லை என்றால் மறுபடியும் போய்க் காட்டுங்கள். பேப்பரை விடப் பிள்ளையின் கால்தான் சரியாகச் சொல்லும்.

எப்படி அடிபட்டது என்று அவர் மூன்று முறை கேட்டார். வெவ்வேறு மாதிரி கேட்டார். நர்ஸ் தனியாக ஒரு முறை கேட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அப்பா எங்கே என்றும் கேட்டார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெற்ற பிள்ளையை நான் அடித்திருப்பேன் என்று நினைக்கிறார்களா? அழுதுகொண்டேதான் பதில் சொன்னேன். சறுக்கில் மடியில் வைத்து இறங்கினேன் என்றதும் அவர் தலையை ஆட்டினார், மேலே கேட்கவில்லை. பேசவே முடியாத வயதுப் பிள்ளை எலும்பு உடைந்து வந்தால் அப்படிக் கேட்பது அவர்கள் கடமை என்று அவரே சொன்னார். உண்மையாகவே அடி வாங்கும் பிள்ளைகளும் வருகிறார்கள் அல்லவா, கேட்கத்தான் வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். உங்களிடம் கேட்டால் கோபப்படாமல், எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நானும் முதல் நாள் கிளினிக்கில் "விளையாடும்போது விழுந்துட்டா" என்று மட்டும் சொல்லாமல், கால் திருகியதைச் சொல்லியிருந்தால் அவர்களும் வேறு மாதிரி பார்த்திருக்கலாம்.

ஏன் உடைந்தது என்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இருபது மாதக் குழந்தை பத்துப் பதினோரு கிலோ. தனியாகச் சறுக்கும்போது கால் எங்காவது மாட்டினால், அந்தக் குட்டி உடம்பு அதே இடத்தில் நின்றுவிடும், இல்லை பக்கத்தில் சாய்ந்துவிடும். காலைத் திருகுகிற அளவுக்குப் பாரம் கிடையாது. மடியில் வைத்துக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளுவது அறுபது கிலோ அம்மாவின் எடை. கால் மாட்டியது தெரிந்து நாம் நிற்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பயன் இல்லை, இறுக்கிப் பிடிப்பதால்தான் பிள்ளை நம்மோடு சேர்ந்து இழுபடுகிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை ஆறு வயதுக்கு உட்பட்ட மூன்றரை லட்சம் பிள்ளைகள் சறுக்கில் அடிபட்டிருப்பார்கள் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாத பிள்ளைகள்தான் அதிகம், கால் எலும்பு முறிவுதான் அதிகம். பெரியவர் மடியில் உட்கார்ந்து வருவதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. என் ஒருத்தியின் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை அப்பா அம்மாக்கள் இதையே செய்திருக்கிறார்கள்.

மாவுக்கட்டு நான்கு வாரம். தொடை வரை போட்டார்கள். மே மாதத்தில், நடுராத்திரி கரண்ட் போகிற ஊரில், அந்தக் கட்டோடு ஒரு குழந்தையை வைத்திருப்பது பெரிய பாடு. முதல் இரண்டு நாள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, மணிக்கொரு தடவை கால் விரல்களைப் பார்க்கச் சொன்னார்கள். விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ ஆனால், சில்லிட்டால், வீங்கினால், மருந்து கொடுத்தும் பிள்ளை விடாமல் அழுதால் விடிய வேண்டும் என்று காத்திருக்காமல் ஓடி வரச் சொன்னார்கள். அரித்தால் குச்சி, பின்னல் ஊசி எதையும் உள்ளே விடக் கூடாது, புண்ணாகிவிடும். வெளிப்பக்கம் தட்டிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், ஃபேன் காற்றில் வைத்தால் அடங்கும். குளிப்பாட்டுவது கிடையாது, ஈரத் துணியால் துடைப்புதான். சிறுநீர் கட்டுக்குள் இறங்கினால் நாற்றம் எடுத்துவிடும், அதனால் டயப்பரை அடிக்கடி மாற்றி, கட்டின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் கவரை மடித்துச் சொருகினேன். பழைய பாவாடைத் துணியில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைத்து நான்கு ஜட்டி தைத்தேன். அந்த நான்கு வாரத்தில் நான் தைத்தது அது மட்டும்தான்.

பெரியவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி அவன் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நான் மேல ஏறாம இருந்திருந்தா பாப்பாவுக்கு அடிபட்டிருக்காதுல்லம்மா" என்று கேட்டான். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நான் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல கண்ணு, பயந்தா அம்மாவைக் கூப்பிடணும், நீ சரியாத்தான் கூப்பிட்ட" என்று எத்தனையோ முறை சொன்னேன். மறுநாள் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, பாப்பாவின் மாவுக்கட்டு மேல் படம் வரைந்து கொடு என்றேன். மீன் வரைந்தான், முட்டியிலிருந்து பாதம் வரை வரிசையாகப் பதினோரு மீன். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் மற்ற பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், அதுவாகக் கேட்கும் வரை விட்டுவிடாதீர்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஃபீஸ், மூன்று எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 9,500 ரூபாய். வைகாசி முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்திருந்த பதினான்கு லைனிங் ஜாக்கெட்டும் இரண்டு ஆரி வேலைப்பாடு ஜாக்கெட்டும் துணியோடு திருப்பிக் கொடுத்தேன். கூலி 8,000 ரூபாய்க்கு மேல் போனது. அதைவிட வலித்தது, ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று சொன்னது. திருவந்திபுரத்தில் பாப்பாவுக்கு மொட்டை அடித்துக் காது குத்த வைகாசியில் நாள் பார்த்திருந்தோம், வேனுக்குக் கொடுத்த 3,000 ரூபாய் முன்பணம் திரும்ப வரவில்லை. அவர் மஸ்கட்டிலிருந்து ராத்திரி ராத்திரி வீடியோவில் பார்த்து அழுதார். டிக்கெட் போட்டு வருகிறேன் என்றவரை நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்த ப்ளே ஏரியாவுக்கு போன் பண்ணினேன். நஷ்ட ஈடு கேட்டுப் பண்ணவில்லை. சறுக்கின் உச்சியில் ஒரு ஆளை நிறுத்துங்கள், மடியில் வைத்து இறங்கக் கூடாது என்று தமிழில் ஒரு போர்டு வையுங்கள் என்று சொல்லத்தான் பண்ணினேன். "நீங்க கையெழுத்துப் போட்டுருக்கீங்க மேடம்" என்று ஆரம்பித்தார்கள், நான் வைத்துவிட்டேன். வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகன், அந்தக் கையெழுத்து அவர்களுடைய கவனக்குறைவுக்குப் பாதுகாப்பு இல்லை, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்றான். மெத்தை கிழிந்து, வலை அறுந்து, ஆள் இல்லாமல் உங்கள் பிள்ளைக்கு அடிபட்டால் அதைச் செய்யுங்கள். உடனே போட்டோ எடுத்து வையுங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், கேமரா பதிவை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். என் விஷயத்தில் இறங்கியது நான், அதனால் விட்டுவிட்டேன்.

ப்ளே ஏரியாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயில் காலத்தில் பிள்ளைகள் எங்கே ஓடும்? பெரியவன் அன்று ஒரு மணி நேரம் பட்ட சந்தோஷமும் உண்மைதான். போங்கள். ஆனால் சறுக்கு என்று வந்தால் பிள்ளை தனியாக உட்கார்ந்து இறங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், கீழே நின்று பிடியுங்கள். தனியாக இறங்க முடியாத உயரம் என்றால் அந்தச் சறுக்கு அந்தப் பிள்ளைக்கு இல்லை. மேலே ஏறிப் பயந்துவிட்டால் ஏறி வருகிற பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் படி வழியாகவே இறக்குங்கள், எத்தனை பேர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தாத்தா பாட்டி, மாமா, சித்தி, யாரோடு பிள்ளையை அனுப்பினாலும் இதை முதலில் சொல்லி அனுப்புங்கள். பாசத்தில் மடியில் வைப்பவர்கள் அவர்கள்தான்.

காது குத்துக்கு ஆவணியில் நாள் பார்த்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு சின்ன சறுக்கு. பாப்பா வெறுங்காலோடு ஏறி, மேலே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் கீழே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "வா, வா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பெரியவன் என் பக்கத்தில் வந்து அவனும் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.